இரயில் பாலங்களும் அதிர்வும்: ‘உடைதல்’ என்ற சொல் ‘அதிர்வு’ ஆன வரலாறு

பாலம் பாரத்தால் உடைகிறது என்பதே பொதுவான எண்ணம். பாரத்தைவிட அது வந்து விழும் தாளம் கொடியதாக இருக்கக்கூடும் என்பதைப் பொறியியல் முழுமையாக உணர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அம்மாற்றத்தின் தடம் ஆய்வுகளின் தலைப்புகளிலேயே பதிந்துள்ளது.

1847 மே 24 அன்று, இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் டீ ஆற்றின்மீது இராபர்ட் ஸ்டீபன்சன் அமைத்திருந்த பாலத்தின் வார்ப்பிரும்பு உத்திரம் ஒன்று, இரயில் கடக்கையில் முறிந்தது. ஐவர் உயிரிழந்தனர். இரயில்வேக் கட்டுமானங்களில் இரும்பின் பயன்பாட்டை ஆராய அவ்வாண்டே அரச ஆணையம் ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் உறுப்பினரான கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இராபர்ட் வில்லிஸ், இரும்புச் சட்டங்களின்மீது பாரவண்டிகளை ஓடவிட்டுச் சோதித்தார். நிற்கும் பாரத்தைத் தாங்கிய சட்டம், அதே பாரம் விரைந்து ஓடியபோது முறிந்தது. சட்டத்தின் நிறையைப் புறக்கணித்து வில்லிஸ் அமைத்த சமன்பாட்டுக்கு 1849இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் தீர்வு கண்டார். அவரது கட்டுரைத் தலைப்பு இரயில் பாலங்களின் ‘உடைதல்’ பற்றிப் பேசியது. நிறையற்றதாகக் கொள்ளப்பட்ட சட்டம் தானாக அதிர இயலாது. ஆகவே, பாலத்துக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு என்ற கேள்வி அச்சமன்பாட்டுக்குள் எழவே இல்லை.

1934இல் சார்லஸ் இங்கிலிஸ் வெளியிட்ட கணித நூலின் தலைப்பில் ‘உடைதல்’ மறைந்து ‘அதிர்வுகள்’ இடம்பெற்றது. அன்றைய கவலை நீராவி எஞ்சின் குறித்தது. அதன் இயக்கு சக்கரங்களில் பொருத்தப்பட்ட எதிரெடைகள், ஒவ்வொரு சுழற்சியிலும் தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடித்தன. சக்கரத்தின் சுழற்சியும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒன்றுபட்டால் ஊசல் பெருகியது.

1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. மின்சார இரயிலில் சம்மட்டி அடி இல்லை. எனினும், அதே சிக்கல் வேறு வடிவில் திரும்பியது. 1981இல் திறக்கப்பட்ட பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதையின் சில குறுகிய பாலங்களில், தண்டவாளத்தைத் தாங்கும் ஜல்லிப் படுகை நிலைகுலைவது பின்னர் கண்டறியப்பட்டது. பாலம் உடையவில்லை, அதன்மீதிருந்த கல் தளர்ந்தது.

காரணம் எளிய பெருக்கலில் விளங்கும். பிரெஞ்சு அதிவேக இரயிலில் சக்கரத் தொகுதிகள் 18.7 மீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. விநாடிக்கு 4 முறை அதிரும் பாலத்தை அந்த இரயில் மணிக்கு ஏறத்தாழ 269 கி.மீ. வேகத்தில் கடந்தால், ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வோர் அதிர்வின் அதே கணத்தில் வந்து சேரும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதற்கு நிகரானது இது. பெட்டி நீளம் 25 மீட்டராகிய ஷின்கான்செனுக்கு அதே பாலத்தில் அவ்வேகம் மணிக்கு 360 கி.மீ. ஆகும். எனவே, எந்த இரயில் ஓடும் என்று அறியாமல் ஒரு பாலத்தைப் பாதுகாப்பானது எனக் கூற இயலாது.

ஐரோப்பிய ஆய்வுகள், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 0.7 மடங்கை எட்டும்போது ஜல்லி நிலைகுலைவதைக் கண்டன. அதில் பாதியே, அதாவது விநாடி வர்க்கத்துக்கு 3.5 மீட்டரே, ஐரோப்பிய விதிகளில் வரம்பாயிற்று. ஜல்லியற்ற பாதைக்கு அது 5 மீட்டர். 18 முதல் 27 மீட்டர் வரையான பெட்டி நீளங்களைக் கொண்ட பத்துக் கற்பனை இரயில்களும் விதிகளில் வகுக்கப்பட்டன. கான்கிரீட்டும் எஃகும் அதிர்வைத் தாமாகத் தணிப்பது மிகக் குறைவு. எனவே, முதன்மையான கட்டுப்பாடு வடிவமைப்பிலேயே அமைகிறது: விறைப்பைக் கூட்டி ஒத்ததிர்வு வேகத்தை இயக்க வேகத்துக்கு அப்பால் தள்ளுதல், நிறையைக் கூட்டி முடுக்கத்தைக் குறைத்தல். ஆனால், நிறை மட்டும் கூடினால் அதிர்வெண் தாழ்ந்து அந்த வேகமும் தாழும். இவை போதாதபோதே தணிப்பிகள் பொருத்தப்படுகின்றன.

508 கி.மீ. நீளமுள்ள மும்பை–அகமதாபாத் பாதையின் பெரும்பகுதி மேம்பாலமாகவே எழுகிறது. மணிக்கு 320 கி.மீ. வேகத்துக்கென, ஏறத்தாழ 970 டன் எடையுள்ள 40 மீட்டர் கான்கிரீட் உத்திரங்கள் அங்கு ஏற்றப்படுகின்றன. பாலத்தின் ஆயுள் இரயிலின் ஆயுளைவிட நீண்டது. நாளை வேறு நீளமுள்ள பெட்டிகளோ கூடுதல் வேகமோ அப்பாதைக்கு வருமாயின், எடை ஒன்றே ஆயினும் கணக்கைப் புதிதாகவே போட வேண்டியிருக்கும்.