முட்டுக்கட்டை போடுகிறவர்கள்

அலங்காரம் முடிந்த திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அத்தனை நிறைக்கும் அதற்கேற்ற நிலைமம் உண்டு. முன்னால் ஊரே வடம் பிடித்து இழுக்க, பின்சக்கரங்களையும் உந்தினால்தான் தேர் அசையும்.

உருண்டபின் நிறுத்துவது இன்னும் கடினம்.

அதற்குத்தான் முட்டுக்கட்டை. ஆப்பாகச் செதுக்கிய மரத்தைச் சக்கரத்தடியில் கொடுத்தால் உராய்வு கூடி வேகம் தணியும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். கட்டை நசுங்கி நார்நாராகக் கிழியும். உடனே அடுத்த கட்டை தயாராக இருக்க வேண்டும்.

1926இல் பழைய தேர் எரிந்தது. புதுத்தேர் 1930இல் ஓடியது. 1948க்குப் பின் நின்ற ஓட்டம் 1970இல் மீண்டது. திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பின்னும், கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை ஒட்டியே நடக்கிறார்கள்.