வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்கு: படநூல் வாசிப்பின் வரலாற்றில் ஒரு தொடக்கம்

இளங்குழந்தைகள் எதிர்கொள்ளும் மாற்றங்களுள் பள்ளி செல்லத் தொடங்குதல் முதன்மையானது. அப்போது இடம் மாறுகிறது, உடனிருப்போர் மாறுகின்றனர், பல குழந்தைகளுக்கு மொழியும் மாறுகிறது. இம்மாற்றத்திற்குக் குழந்தையை அணியப்படுத்த, பெரியவர் ஒருவர் படநூலை வாய்விட்டுப் படித்துக்காட்டும் முறை இன்று பரவலாக வலியுறுத்தப்படுகிறது. பள்ளிக்கு முன்பே படநூலைக் குழந்தையிடம் பழக்கப்படுத்தும் எண்ணம் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மொழிக் கல்வியை ஒட்டித் தெளிவாக உருப்பெற்றது. அவ்வரலாற்றையும் அது மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1592இல் மொராவியாவில் பிறந்த யான் ஆமோஸ் கொமேனியஸ், சமய ஒடுக்குமுறையால் 1628இல் தாயகம் நீங்கிப் போலந்தின் லெஷ்னோ நகரில் குடியேறினார். 1656இல் அந்நகரம் எரியுண்டபோது அவருடைய கையெழுத்துப் படிகள் பலவும் அழிந்தன. வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிறமொழி வழங்கும் நாடுகளில் கழித்த இவ்வறிஞர், குழந்தைக்குப் பள்ளி அயலாகத் தோன்றுவதைக் கூர்ந்து நோக்கினார். ஆறு வயதுவரையான வீட்டுக் கல்வி பற்றி அவர் எழுதிய நூல் 1633இல் செருமன் மொழியில் வெளிவந்தது. அதன் இறுதி அதிகாரம், குழந்தையைப் பள்ளிக்கு அணியப்படுத்தும் முறையைப் பெற்றோர்க்குக் கூறுகிறது. பள்ளியையும் ஆசிரியரையும் காட்டிக் குழந்தையை அச்சுறுத்தும் வழக்கத்தை அது கடிகிறது.

இக்கருத்தே 1658இல் நூரம்பர்க் நகரில் வெளிவந்த 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்' என்னும் நூலில் செயல்வடிவம் பெற்றது. புலன்களால் அறியப்படும் உலகத்தைப் படங்களாகக் காட்டும் இந்நூலில் 150 பாடங்கள் உள்ளன. ஒவ்வொரு படத்தின்கீழும் இலத்தீனும் செருமனும் அருகருகே அச்சிடப்பட்டன. இலத்தீன் பள்ளியின் மொழி. செருமன் வீட்டின் மொழி. பள்ளியில் சேர்க்கும் முன்பே இந்நூலைக் குழந்தையின் கையில் கொடுத்து, வீட்டிலேயே படங்களுடன் பழகவிட வேண்டும் என்று முன்னுரை அறிவுறுத்துகிறது. புதிய மொழியைச் சந்திக்கும் நாளில் பொருளேனும் குழந்தைக்குப் பழகியதாக இருக்கும் என்பதே இதன் பயன்.

நூலின் அமைப்பும் குரலை வேண்டி நிற்பதாகும். ஆசிரியரும் சிறுவனும் நிகழ்த்தும் உரையாடலுடன் அது தொடங்குகிறது. எழுத்துகள், காகம், ஆட்டுக்குட்டி முதலியவற்றின் ஒலிகளைக் கொண்டு அறிமுகமாகின்றன. இவ்வொலிகளை ஒருவர் ஒலித்துக்காட்டினாலன்றி அப்பக்கம் பயன்படாது. மேலும், படத்தின் உறுப்புகளுக்கு இடப்பட்ட எண்கள் பனுவலில் உரிய சொற்களின் அருகிலும் இடம்பெறுகின்றன. சொல் வரிசை மொழிக்கு மொழி வேறுபடினும், எண் சொல்லையும் பொருளையும் பிணைத்து நிற்கிறது. 1659இல் சார்லஸ் ஹூல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும், 1666இல் வந்த நான்மொழிப் பதிப்பும் இவ்வமைப்பு மொழிகளைக் கடந்து செல்லவல்லது என்பதைக் காட்டின.

இவ்வரலாறு தமிழுக்கும் பொருந்துவதோர் இடம் உண்டு. ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலை தமிழில் ஆழமாக வேரூன்றியுள்ளது. எனவே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தையும் பள்ளியில் வேறொரு வழக்கையே சந்திக்கிறது. 'பறவை பறந்து சென்றுவிட்டது' என்று அச்சிலிருப்பதைத் தாயார் 'பறவை பறந்து போயிடுச்சு' என்று படித்துக்காட்டுதல் இயல்பு. யாக்கோப்சன் அதே 1959இல் சுட்டிய ஒருமொழிக்குள்ளான மொழிபெயர்ப்பு இங்கே குழந்தையின் முன்னிலையில் நிகழ்கிறது. ஆயின் பேச்சு வழக்கை மட்டும் கேட்கும் குழந்தைக்கு எழுத்து வழக்கு அயலாகவே எஞ்சும். எழுத்து வழக்கை மட்டும் கேட்கும் குழந்தைக்குக் கதையே அயலாகும். இரண்டையும் ஒரே படத்தின்மேல், ஒரே குரலில் கேட்கும் குழந்தைக்கே கடப்பது எளிதாகும்.

தமிழில் படநூல்களைப் பெயர்ப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம். 'சென்றுவிட்டது' என்பதினும் 'போய்விட்டது' என்பது 'போயிடுச்சு' என்னும் வடிவத்திற்கு அண்மையது; இரண்டும் எழுத்து வழக்கே. இத்தகைய வடிவங்களைத் தேர்ந்தால், இலக்கணம் பிறழாமலே வாய்க்கும் அச்சுக்கும் உள்ள தொலைவு குறையும். வீட்டு மொழி முற்றிலும் வேறான பழங்குடிக் குழந்தைகளுக்கு இது போதாது. அவர்களுக்கு இருமொழிப் பக்கமே வேண்டும். தாய்மொழிவழிக் கல்வியை இயன்றவரை நீட்டிக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 1953இல் வெளியிட்ட அறிக்கை பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தொடக்க நிலையில் வீட்டு மொழிக்கு இடம் தருகிறது. கொள்கை வகுப்பறைக்குள் வரும் வழிகளுள் ஒன்று, குழந்தையின் மடியில் விரிந்து கிடக்கும் ஒரு பக்கமாகும். அப்பக்கத்தில் வீட்டுச் சொல் இல்லையேல், பள்ளியின் முதல் நாளன்று குழந்தை வாய்திறவாதிருத்தல் வியப்பன்று.