ஆரஞ்சுக் கூம்பின் கதை

கணினியில் படம் பார்ப்பவர்களுக்கு வி.எல்.சி.யின் ஆரஞ்சுக் கூம்பு தெரிந்திருக்கும். பாரிஸ் அருகே எக்கோல் சாந்த்ரால் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை அது. விடுதியின் வலையமைப்பு மந்தம். வேகமானது வேண்டுமென்றால் தேவையைக் காட்டவேண்டும். அதற்காக வலையமைப்பு வழியே தொலைக்காட்சி பார்க்க மென்பொருள் எழுதினார்கள்.

அதை எல்லோருக்கும் திறந்துவிடக் கல்லூரியின் சம்மதம் வேண்டியிருந்தது. மாணவர்கள் கேட்டுப் பெற்றார்கள். 2001 பிப்ரவரி 1 முதல் ஜி.பி.எல். உரிமம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம்.

நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'லிப்ர்' என்றால் சுதந்திரம், 'கிராத்துய்' என்றால் இலவசம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கல்லூரி கொடுத்தது முதலாவதை.

கோப்புகளோடு காலம் கழித்தவன் சொல்கிறேன்: அந்தச் சம்மதம் கிடைக்காதிருந்தால், மாணவர்கள் படிப்பு முடித்துப் போனதும் அவர்கள் உழைப்பு அலமாரியில் தூங்கியிருக்கும்.