தோட்டத் தமிழரும் நெஞ்செரிச்சலும்

ஓர் இனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் குடியேற்றத்தையும் கூலியையும் போராட்டங்களையும் எழுதுவர். அவ்வினத்தார் சுமந்த நோய்களையும் எழுதும்போதே அவ்வரலாறு நிறைவுறும். பேராக் மாநிலத் தோட்டத் தமிழர் நெடுங்காலம் 'வாயு' என்று சொல்லிப் பொருட்படுத்தாது விட்ட துன்பங்களுள் ஒன்று நெஞ்செரிச்சல்.

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட், பாகான் செராய் முதலிய வட்டாரங்களில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கங்காணிகள் வழியாகக் கொண்டுவரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நீடித்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெறுந்தேநீருடன் காட்டுக்குச் சென்று, குனிந்து மரம் வெட்டி, பால் சுமந்து திரும்பினர். வயிறு நிறைய உண்பது பெரும்பாலும் இரவில்தான். மறுநாள் விடியலை எண்ணி, உண்டவுடன் படுத்தனர். மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடை திறந்திருந்தது. உழைப்பால் அமைந்த இந்த ஒழுங்கே நெஞ்செரிச்சலுக்கு இடந்தந்தது.

அது எவ்வாறெனக் காண்போம். உணவுக்குழல் இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு சுருக்குத் தசை வாயிற்காவலன்போல் நிற்கிறது. உணவு இறங்கும்போது நெகிழ்ந்து, பின் இறுகுவது அதன் கடமை. வயிறு புடைக்க உண்பதும் மதுவும் புகையும் அத்தசையை நெகிழச் செய்யும். குனிவதும் உடற்பருமனும் வயிற்றினுள் அழுத்தத்தைக் கூட்டும். படுத்தாலோ, ஏறிவந்த அமிலம் எளிதில் கீழிறங்காது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் உண்டு. உணவுக்குழலுக்கு அத்தகைய காப்பு இல்லை. விழுங்கும் உமிழ்நீரே அதனை ஓரளவு கழுவிக் காக்கிறது. உறக்கத்தில் அதுவும் குறைந்துவிடும்.

அமிலத்தின் ஆற்றலைத் தோட்டத்து மக்கள் நாள்தோறும் கண்டவர்களே. இரப்பர்ப் பாலில் நீர்த்த பார்மிக் அமிலத்தைச் சிறிதளவு கலந்ததும், பாலிலுள்ள புரதங்கள் நிலைகுலைந்து பால் உறைந்து கட்டியாகும். இரைப்பையில் சுரப்பது அதனினும் வலிய ஐதரோகுளோரிக் அமிலம். 1820களில் இதனைக் கண்டுரைத்தவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட். 1935இல் அமெரிக்க மருத்துவர் ஆஷர் விங்கெல்ஸ்டைன், இச்சாறு மேலேறி உணவுக்குழலைப் புண்ணாக்குவதைத் தனி நோயாக வகுத்துரைத்தார். தமிழ் மருத்துவ மரபோ எண்வகைக் குன்மங்களுள் ஒன்றற்கு 'எரிகுன்மம்' என்றே பெயரிட்டிருந்தது.

அமிலமும் செரிமான நொதியும் படப்பட, உட்சவ்வின் உயிரணுக்களிடையே உள்ள இடைவெளிகள் அகல்கின்றன. அவ்வழியே நரம்பு முனைகள் தீண்டப்படுவதால் மார்பெலும்பின் பின்னே எரிச்சல் எழுகிறது, புளிப்புநீர் வாய்க்கு வருகிறது, தொண்டை கரகரக்கிறது, இருமல் விடாது நிற்கிறது. அமிலம் தோலைச் சுடுவதுபோல் மேலிருந்து சுடுகிறது என்றே பல்லாண்டு கருதினர். 2016இல் அமெரிக்காவில் 12 நோயாளரிடம் நடந்த ஆய்வு வேறொன்றையும் காட்டியது: அமிலம் பட்ட உயிரணுக்கள் விடுக்கும் குறிப்புகளால் உடலின் அழற்சியே உள்ளிருந்து புண்ணை வளர்க்கக்கூடும். புண் ஆறி ஆறித் தழும்பானால் குழல் சுருங்கி, சோறு இறங்காது. சிலருக்கு உட்சவ்வே வேறு வகையாக மாறுகிறது. 1950இல் இதுபற்றி எழுதிய நார்மன் பாரெட் பெயரால் வழங்கும் அந்நிலை, சிலரிடம் புற்றுநோய்க்கும் வழியாகலாம்.

பேராக்கிற்கும் இவ்வாராய்ச்சியில் இடமுண்டு. ஈப்போவில் பணியாற்றிய மருத்துவர் சண்முகராஜா இராஜேந்திராவும் உடனாய்வாளரும், உள்நோக்கிக் குழாய் வழியே மூவினத்தாரையும் ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். பாரெட் மாற்றம் இந்தியரிடையே மற்றவரினும் மிகுதி என்பது அவர்கள் கண்டது. அதே ஆண்டு, மலாயாப் பல்கலைக்கழகத்தார் 1000 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவும் இந்தியருக்கு இந்நோய் வாய்ப்பு மிகுதி என்றது. மரபணு, உடற்பருமன், பழக்கம் ஆகிய பலவும் இதில் கலந்துள்ளன; தோட்டத்து வாழ்வொன்றையே காரணமாக்குதல் முறையன்று.

இன்று இரப்பர்க் காடுகள் பல செம்பனையாகிவிட்டன; மக்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்கு வந்துவிட்டனர். பெரட்டு மறைந்தது, இரவு வேலை வந்தது. நேரங்கெட்ட உணவும் உண்டவுடன் உறக்கமும் மாறவில்லை. 1980களின் இறுதியில் வந்த ஓமிபிரசோல் போன்ற மருந்துகள் அமிலச் சுரப்பை அடக்கிப் புண்ணை ஆற்றுகின்றன. ஓமமும் சீரகமும் தற்காலிக ஆறுதல் தரலாம். புண்ணை அவை ஆற்றிவிடும் என நம்பி இருத்தலாகாது. விழுங்கத் தடை, காரணமற்ற மெலிவு, இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவை தோன்றின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். மார்பு வலியை 'வாயு' என்று தள்ளுதல் பெருந்தீங்கு; அது இதய நோயாகவும் இருக்கக்கூடும்.

உண்டபின் மூன்று மணி நேரம் படுக்காதிருத்தல், இரவுணவைக் குறைத்தல், தலைப்பக்கம் கட்டிலை உயர்த்துதல் என்பன பொருட்செலவின்றிக் கைக்கொள்ளத் தக்கவை. முன்னோர் பொறுத்துக்கொண்டது வேறு வழியின்மையால். வழி தெரிந்த தலைமுறை பொறுத்திருத்தல் பொறுமை ஆகாது. இதனை மாணவர் அறிந்து, தத்தம் வீட்டு முதியோர்க்கு எடுத்துரைத்தல் கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.