காரைக்கால்: கடலோர விளையாட்டும் விநோதமும்

காரைக்கால், காவிரியின் கிளையாகிய அரசலாறு வங்கக் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த துறைமுக நகரம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்ததாயினும் புதுச்சேரி நகருக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தெற்கே, கிழக்கில் கடலும் ஏனைய திசைகளில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ, நிலத்தால் சோழநாட்டோடு ஒன்றியும் நிர்வாகத்தால் தீவுபோல் தனித்தும் நிற்பது இப்பகுதி. வெளியூரார் பொழுது போக்குவதற்கென்றே வகுக்கப்பட்ட ஏற்பாடுகள் இங்கே மிகப் பிற்காலத்தில் தோன்றியவை. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக, வந்தவர்கள் உள்ளூராரின் உற்சவத்தில் கலந்து, அவர்கள் நீராடிய துறையிலேயே நீராடி, அவர்களுடைய களிப்பைத் தமதாக்கிக்கொண்டு திரும்பினார்கள் என்பதே இவ்வூர் விநோதங்களின் வரலாற்றில் முதன்மையாகக் கருதத்தக்க செய்தி.

இக்கடற்கரையின் விளையாட்டுகளைப் பற்றிய பழைய சித்திரம் காரைக்காலுக்கு வடக்கே அதே கழிமுகத்தில் விளங்கிய காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய நூல்களில் கிடைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, முழுமதி நாளில் மீன்பிடிக்கச் செல்லாத பரதவர் உண்டு மகிழ்ந்ததையும், காவிரி கடலோடு சேருமிடத்தில் ஆடியதையும், கடற்கரையில் நண்டுகளை அலைக்கழித்தும் அலைகளைக் கலக்கியும் மணலில் பாவை செய்தும் பகற்பொழுதைக் கழித்ததையும் விரித்துரைக்கிறது. மற்போர், ஆட்டுக்கடாச் சண்டை, கௌதாரிச் சண்டை ஆகியவையும் அந்நூலில் இடம்பெறுகின்றன. சிலப்பதிகாரமோ இந்திர விழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் கடலாடச் சென்ற இரவைக் காட்டுமிடத்து, அப்பம் விற்போர், மீன் விற்போர், பிற மொழி பேசும் அயல்நாட்டார் எனப் பலரும் ஏற்றிய விளக்குகள் மணற்பரப்பில் வரிசையாக ஒளிர்ந்ததைச் சொல்கிறது. கடற்கரை உல்லாசம் ஐரோப்பியர் கொணர்ந்த வழக்கமென்று கருதுவோர், அயல்நாட்டாரையும் அப்பக் கடையையும் ஒரே மணலில் கண்ட அந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம்.

காரைக்கால் நகரத்தின் பெரும் விநோதம், அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவராகிய காரைக்காலம்மையாரின் சரிதையை ஒட்டி ஆனி மாதப் பௌர்ணமியில் நிகழும் மாங்கனித் திருவிழா. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றைப் புனிதவதியார் என்னும் இயற்பெயருடைய அம்மையார் சிவனடியாருக்கு அமுதுடன் படைத்ததையும், பின்னர் கணவன் கேட்டபோது இறையருளால் வேறொரு கனி கிடைத்ததையும் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். அக்கதையை நினைவூட்டும் வகையில், சிவபெருமான் பிச்சாண்டவர் கோலத்தில் வீதியுலா வரும்பொழுது வீட்டு மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே நெருங்கி நிற்கும் ஜனத்திரள் கைகளை உயர்த்தியும் முந்தானையை ஏந்தியும் அவற்றைப் பிடிக்கிறது. பிடித்த கனியைப் பிரசாதமாகக் கொள்வதும், மகப்பேறு வேண்டுவோர் அதைப் பக்தியோடு உண்பதும் சம்பிரதாயம். கண்ணும் கையும் காலும் ஒருங்கே உழைக்கவேண்டிய இதைப் பக்தி என்பதா, பந்தாட்டம் என்பதா? இரண்டும் பிரியாதிருப்பதே இதன் அழகு. குழந்தைகள், முதியோர், அயலூரார் என்ற பேதமின்றி எவரும் ஆடக்கூடிய இத்தகைய ஆட்டம் இக்கரையில் வேறொன்றில்லை என்றே சொல்லலாம்.

நகரத்துக்குத் தெற்கே உள்ள திருமலைராயன்பட்டினத்தில் மாசி மகத்தன்று நடைபெறும் தீர்த்தவாரி, கடலையே உற்சவ மண்டபமாகக் கொண்டது. திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் அன்று இக்கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். பத்மினி நாச்சியாரைத் தங்கள் குலத்துப் பெண்ணாகப் போற்றும் மீனவ மக்கள், பெருமாளை மாப்பிள்ளை என்று உரிமையோடு அழைத்து, ஆரவாரத்துடன் தோளில் சுமந்து வருகிறார்கள். அவர் நீராடும்பொழுது உடன் கடலில் இறங்குவதற்குச் சுற்றுவட்டாரமெல்லாம் திரளுகிறது. வந்தவர் யாராயினும் மாப்பிள்ளை வீட்டாராகவே நடத்தப்படும் அந்த ஒரு நாளின் உபசாரத்தை எந்த விடுதியும் விலைக்குத் தர இயலாது. இவ்வூரின் பெயரோடு வேறொரு விபரீத விளையாட்டும் இணைந்திருக்கிறது. மன்னன் திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயரும் அறுபத்து நான்கு தண்டிகைப் புலவரும் சூழ்ந்திருக்க, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே தொங்கும் உறியில் அமர்ந்து, கேட்டதற்கெல்லாம் தடையின்றி வெண்பா சொல்லும் யமகண்டப் போட்டியில் காளமேகப் புலவர் வென்றார் என்பதும், தக்க மரியாதை கிடைக்காமையால் வசைபாடி ஊரில் மண்மாரி பெய்வித்தார் என்பதும் ஐதிகம்.

பிரெஞ்சுக்காரர் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து காரைக்காலை அடைந்தது 1739-ல். இடையிடையே ஆங்கிலேயர் கைக்குச் சென்று, 1817-ல் நிலையாகத் திரும்பிய இவ்வூரில், ஜூலை 14 ஆகிய பிரெஞ்சு தேசிய தினம் விடுமுறைக் கொண்டாட்டமாயிற்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற குடும்பங்கள் இன்றும் அதை நினைவுகூர்கின்றன. அவ்வழியே வந்த இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங்க் என்னும் ஆட்டம் புதுச்சேரியில் நன்கு நிலைத்தது. 1898-ல் பேரளத்திலிருந்து இருப்புப்பாதை வந்ததும், மாயவரம் வழியாக யாத்திரிகர் வருவது எளிதாயிற்று. எனினும், 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தபின், எல்லை தாண்டிக் குடிப்பதற்கே காரைக்காலுக்கு வருவோர் பெருகினர். அம்மையார் பிறந்த ஊரைப் பலர் இவ்வொரு காரணத்தால் மட்டுமே அறிந்திருப்பது மனத்தை வருத்துகிறது. ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் மாறி, சட்டப்படி 1962-ல் முழுமை பெற்ற பின்னரும் குடிக்க வரும் ஊர் என்ற அப்பெயர் எளிதில் நீங்கவில்லை.

இன்றைய வருகையாளருட் பெரும்பாலோர் சுமார் ஐந்து கிலோமீட்டர் மேற்கே உள்ள திருநள்ளாற்றுச் சனீசுவரனைத் தரிசிக்க வருபவர். சனிக்கிழமைகளிலும், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் சனிப்பெயர்ச்சியின்போதும் நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, வழிபாடு முடித்தவர்கள் மாலையில் கடற்கரைக்கு வருகிறார்கள். நகரிலிருந்து அரசலாற்றங்கரையை ஒட்டியே செல்லும் சாலையில் நடப்பதே தனி இன்பம். ஒருபுறம் மீன்பிடிப் படகுகள், மறுபுறம் மரநிழல், எதிரே முகத்துவாரத்தின் காற்று. மேட்டூர் நீர் வராத மாதங்களிலும் கடல்நீர் ஏறி இறங்குவதால் முகத்துவாரத்துக்கு அருகே ஆறு வற்றுவதில்லை. படகுச் சவாரி நடப்பது இவ்வியல்பினால்தான். மணலில் கைப்பந்தும் சடுகுடுவும் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்க்குரியவை. அண்மை ஆண்டுகளில் பொங்கலையொட்டி அரசு நடத்தும் கார்னிவல் விழாவில் கலை நிகழ்ச்சிகளும் போட்டிகளும் மலர்க் கண்காட்சியும் இடம்பெறுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காற்று குளிர்ந்திருக்கும் தை மாதம் இதற்கு ஏற்ற காலமே.

கடலில் இறங்குவோர் அறிந்திருக்கவேண்டியது ஒன்றுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அலை சீறும். புயல்களின் பாதையும் இக்கரையே. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவக் குடியிருப்புகளைத் தாக்கி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஆகவே இங்கே கடல் விளையாட்டு வளரவேண்டுமானால், நீரோட்டத்தின் போக்கை நிறத்தைக்கொண்டே சொல்லவல்ல மீனவரிடமிருந்தே அது தொடங்கவேண்டும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்களே அலைச்சறுக்கு கற்று, பயிற்சிப் பள்ளி அமைத்து, வருவோருக்குக் கற்பிக்கிறார்கள். கடலில் தத்தளிப்போரை மீட்கவும் அவர்களே முந்துகிறார்கள். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் பள்ளி விடுமுறையோடு பெரிதும் ஒத்துவருவதால், காரைக்கால் இளைஞர்க்கு அத்தகைய பயிற்சியும் உயிர்காக்கும் கருவிகளும் அளிக்கப்படுமாயின், வருமானமற்ற அவ்விரு மாதங்களில் அவர்களுக்கு ஒரு பிழைப்பும், மணலுக்கு வரும் குழந்தைகளுக்கு ஒரு காவலும் கிடைக்கும்.