கப்பலைச் சுற்றவைத்துத் திசைகாட்டியைத் திருத்திய கதை

திசைகாட்டியின் முள் வடக்கைக் காட்டும் என்று வகுப்பில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இரும்பே இல்லாத இடத்தில் அது சரி. கப்பல் அப்படி ஒரு இடமில்லை.

1801இல் மத்தியூ பிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பற் தலைவர் அவுஸ்திரேலியக் கரையை அளக்கப் புறப்பட்டார். மரக்கப்பல்தான், ஆனாலும் உள்ளே பீரங்கியும் ஆணியும் நிறைய இருந்தன. கப்பல் கிழக்கே திரும்பினால் முள் ஒரு பக்கம் பிசகியது, மேற்கே திரும்பினால் மறுபக்கம். வடக்கோ தெற்கோ பார்த்து ஓடும்போது பிசகு காணாமற் போனது. பூமியின் தென்பாதியில் அதே பிசகு தலைகீழாக மாறியதையும் அவர் கவனித்தார். பூமியின் காந்தம் கப்பலில் உள்ள இரும்பையும் காந்தமாக்கிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம்.

நிமிர்ந்து நிற்கும் இரும்பில் இந்தப் பாதிப்பு துருவப் பக்கம் அதிகம், காந்த நடுக்கோட்டில் இல்லை. நமது இலங்கை அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. லண்டனில் பிசகும் கப்பல் நம் கரையை நெருங்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பிளிண்டர்ஸ் ஊர் திரும்பும் வழியில் மொரிசியஸில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி ஆறு வருடத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அங்கிருந்தே இதைப் பற்றி எழுதி லண்டனுக்கு அனுப்பினார். திசைகாட்டி அருகே நட்டுக்குத்தாக ஓர் இரும்புக் கோல் வைத்தால் பிசகைச் சமன் செய்யலாம் என்பது அவர் யோசனை. இன்றும் அந்தக் கோலுக்கு அவர் பெயர்தான்.

பிறகு முழுக்க இரும்பிலேயே கப்பல் கட்டும் காலம் வந்தது. கட்டும் தளத்தில் கப்பல் மாதக்கணக்கில் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது, ஆயிரக்கணக்கான தறையாணிகளைச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். ஆணியை அடித்து அடித்துக் காந்தமாக்கும் பரிசோதனையை நமது பிள்ளைகள் அறிவார்கள். இங்கே ஆணிக்குப் பதிலாக ஒரு முழுக் கப்பல்! 1838இல் வானியலாளர் ஜோர்ஜ் எயாரி 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலை ஒவ்வொரு திசைக்கும் திருப்பி நிறுத்தி, பிசகைக் குறித்து, அதற்கு எதிராகக் காந்தங்களை வைத்துச் சமப்படுத்தினார். விஷயம் தீர்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

1854 ஜனவரி 19. 'டெய்லர்' என்ற புதிய இரும்புக் கப்பல் லிவர்பூலில் இருந்து மெல்பேர்னுக்குக் கிளம்பியது. அதன் திசைகாட்டிகளுக்கும் காந்தம் வைத்துத் திருத்தம் செய்திருந்தார்கள். கடலுக்கு வந்ததும் அவை ஒன்றுக்கொன்று முரணாகக் காட்டின. தெற்கே போவதாக நம்பியவர்கள் மேற்கே அயர்லாந்தை நோக்கிப் போனார்கள். இரண்டாம் நாள், 21ஆம் திகதி, லம்பே தீவின் பாறையில் கப்பல் மோதியது. அறுநூறுக்கும் மேற்பட்டோரில் பாதிக்கு மேல் மூழ்கிப் போனார்கள். நூற்றுக்கும் அதிகமான பெண்களில் மூவர் மட்டுமே பிழைத்தார்கள்.

கட்டும்போது ஏறிய காந்தம் அலையடியில் குலுங்கிக் குலுங்கி மாறிவிடும், துறைமுகத்தில் செய்த திருத்தம் நிலைக்காது என்று வில்லியம் ஸ்கோர்ஸ்பி வாதிட்டார். எயாரி அதை ஏற்கவில்லை. ஸ்கோர்ஸ்பி அறுபத்தாறு வயதில் 'ரோயல் சார்ட்டர்' கப்பலில் அவுஸ்திரேலியா வரை போய்ப் பார்த்தே வந்தார். நம் பார்வையில், அந்த வாதத்தை விட அந்தப் பயணம்தான் பெரிது. கப்பலுக்கு இரும்பு ஒருமுறை அளந்து மூடி வைக்கும் சங்கதியல்ல என்பதைக் கடலிலேயே காட்டினார். 1876இல் வில்லியம் தொம்சன் உரிமம் எடுத்த திசைகாட்டிப் பெட்டியின் இரு பக்கமும் நிற்கும் இரும்பு உருண்டைகளைப் பழைய கப்பற் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவையும் இந்தப் பிசகைத் திருத்தவே.

சுக்கான் பிடிக்கும் மனிதன் முள் தவறினாலும் கரையையோ நட்சத்திரத்தையோ பார்த்துச் சுதாரிப்பான். ஓட்டோ பைலட் அப்படியல்ல, திசைகாட்டி சொல்வதை அப்படியே நம்பும். ஐந்து பாகை பிசகினால் அறுபது கடல் மைலில் ஐந்து மைல் விலகிப் போவோம்.

அதனால்தான் இன்றைய படகிலும் எயாரி செய்ததையே செய்கிறார்கள். அலையில்லாத நீரில், மெதுவாக, ஒரே சீராக வட்டமடிக்க, மின்னணுத் திசைகாட்டி ஒவ்வொரு திசையிலும் உள்ள பிசகைத் தானே கற்றுக்கொள்கிறது. வேகமாகச் சுற்றினால் கணக்குக் கெடும். பிறகு கரையில் தெரிந்த இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்து, வரைபடத்தில் அந்தக் கோட்டின் திசையோடு ஒப்பிட்டுச் சரி செய்கிறார்கள். கிப்லா பார்க்கும்போது கைபேசியை எட்டுப் போல ஆட்டச் சொல்வதும் இதே வேலைதான்.

கருவியை எஞ்சினுக்கும் ஸ்பீக்கருக்கும் பற்றரி வயருக்கும் எட்டவே பொருத்த வேண்டும். பிசகு மிக அதிகமாகக் காட்டினால் இடத்தை மாற்றிவிட்டு வட்டத்தை முதலிலிருந்து அடிக்க வேண்டும். புது எஞ்சின் ஏற்றினாலும் அப்படித்தான், இன்னொரு வட்டம்.