பல்லாவரத்துக் கல்லில் இல்லாத பெயர்

கொல்கத்தாவின் தெற்கே பெஹாலா. சகேர்பஜார் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே பரிஷா. சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் ஆட்சாலா மண்டபம் அங்கேதான் இருக்கிறது. 1610இல் அந்தக் குடும்பம் துர்கா பூஜையைத் தொடங்கிய இடம் அது. பழைய தூண்கள் இன்னும் நிற்கின்றன. சுதாநுதி, கொலிகாதா, கோபிந்தபூர் ஆகிய மூன்று கிராமங்களின் ஜமீன் உரிமை 1698 நவம்பரில் 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. பத்திரம் கையெழுத்தானது இந்தத் தூண்களுக்கு நடுவில்தான் என்பது அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அப்போது வங்காளத்தில் கம்பெனியின் தலைவர் சார்லஸ் அயர்.

அந்த அயர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு செய்த ஒரு காரியம் நம்மோடு சம்பந்தப்பட்டது. பல்லாவரத்திலிருந்து ஒரு கல்லை வங்காளத்துக்கு வரவழைத்தார். தன் மாமனாரும் கம்பெனி அதிகாரியுமான ஜோப் சார்னக்கின் கல்லறைக்காக.

கங்கைச் சமவெளி முழுக்க வண்டல் மண். தோண்டத் தோண்டச் சேறுதான் வரும், கல் வராது. கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சென்னைக் கோட்டைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பாறைக்குப் பஞ்சமில்லை. வெட்டிய கல் கப்பலேறி, வங்கக் கடல் தாண்டி, ஹூக்ளி ஆற்றில் நுழைந்து கரை சேர்ந்தது. நீலம் கலந்த சாம்பல் நிறம். புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. அதில் லத்தீனில் எழுத்துப் பொறித்தார்கள். சார்னக் இறந்தது 1693 ஜனவரியில். 1697 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகள், அயரின் மனைவி மேரியும் இறந்தாள். அவள் பெயரும் அதே கல்லில் ஏறியது.

மேரியின் அம்மா?

அவள் இந்தியப் பெண். ராஜபுத்திர இளவரசி என்றும், கணவனோடு சிதையேற இருந்தவளைச் சார்னக் காப்பாற்றி மணந்தார் என்றும் ஊரெல்லாம் கதை உண்டு. உடன்கட்டைக் கதையை அச்சில் ஏற்றியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர். அவருடைய புத்தகம் வெளிவந்தது 1727இல், சார்னக் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவள் இறந்த பிறகு ஆண்டுதோறும் அவள் சமாதியில் சார்னக் சேவல் பலி கொடுத்தார் என்றும் ஹாமில்டன் எழுதினார். வங்காளத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெட்ஜஸ் 1682இல் எழுதிய நாட்குறிப்பில் சிதையே இல்லை. பாட்னாவில் சார்னக் ஓர் இந்துவின் மனைவியை வைத்துக்கொண்டிருந்தார், அவள் கணவனை விட்டு நகையும் பணமுமாக ஓடிவந்தவள் என்று நவாபிடம் புகார் போனதாக அவர் கேள்விப்பட்டதைக் குறித்திருக்கிறார். ஹெட்ஜஸுக்குச் சார்னக்கை ஆகாது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இளவரசிப் பட்டம் பின்னால் வந்தவர்கள் சூட்டியது என்றே எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைக்காரன் வீட்டில் பல வருஷம் குடும்பம் நடத்தி, மூன்று மகள்களைப் பெற்ற ஒரு பெண்ணைச் சாதாரணக் குடும்பத்தவளாக நினைத்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒன்று ராஜகுமாரி, இல்லையென்றால் ஓடிவந்தவள். அவள் என்ன நினைத்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மேரி, எலிசபெத், காத்தரின் மூவருக்கும் 1689 ஆகஸ்டில் ஞானஸ்நானம் ஆனது நம் சென்னையில், கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில். வங்காளத்தில் முகலாயரோடு சண்டை முற்றி, கம்பெனிக்காரர்கள் சென்னையில் ஒதுங்கியிருந்த சமயம் அது. மகள் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலிருந்தே அவள் கல்லறைக்கும் கல் போயிருக்கிறது.

இருநூறு ஆண்டுகள் கழித்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், பல்லாவரத்துப் பாறையும் அந்தக் கல்லறைக் கல்லும் ஒரே இனம் என்று கண்டார். 1893இல் அதற்குச் சார்னக்கின் நினைவாகச் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்று அண்டார்க்டிகாவில் அந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். நம் பல்லாவரம் பெயரை வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆனால் பரங்கிமலைச் சார்னோகைட் தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதில் ஓர் ஆறுதல்.

கொல்கத்தாவை நிறுவியவர் சார்னக் என்று பள்ளிப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லி வந்தன. பரிஷாக் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். சார்னக் நகரை நிறுவியவர் அல்ல என்று 2003இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெருமை போனது. பாறையின் பெயரில் மட்டும் அவர் இருக்கிறார்.

கொல்கத்தா போகிறவர்கள் டல்ஹவுசி பக்கம் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். எண்கோண மண்டபத்துக்குள் அந்தக் கல் இருக்கிறது. நம் ஊர்க் கல், தொட்டுப் பாருங்கள். அப்பா பெயர் இருக்கும், மகள் பெயர் இருக்கும், மருமகன் பெயர்கூட இருக்கும். அம்மா பெயர் இல்லை.